உழுது புதைத்த புளூட்டோனியம்: மராலிங்கா டரனாக்கி திடல் குறித்த நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வு ஒரே ஒரு திடலைப் பற்றியது. தென் ஆஸ்திரேலியாவில் நல்லார்பார் சமவெளியின் வட விளிம்பை ஒட்டி, பிரிட்டன் தன் அணு ஆயுதங்களைச் சோதித்த மராலிங்கா வளாகம் இருக்கிறது. அதற்குள் டரனாக்கி என்று பெயரிடப்பட்ட இடம் ஒன்று. 1967இல் துப்புரவு முடிந்தது என்று சொல்லி மூடிய அந்த இடத்தை 1996 முதல் 2000 வரை மறுபடியும் தோண்ட வேண்டிவந்தது. வளாகம் முழுமைக்குமான இரண்டாம் துப்புரவுக்குச் சுமார் 108 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர் செலவானது. முதல் துப்புரவு எங்கே பிசகியது, அந்தப் பிசகு அடுத்து வந்தவர்களின் வேலையை எப்படிக் கடினமாக்கியது என்பதே இங்கே விஷயம். சம்பந்தப்பட்டவர்களை அவர்கள் செய்த பணியைக் கொண்டே குறிப்பிட்டிருக்கிறோம்.

பின்னணி

1952 முதல் 1957 வரை பிரிட்டன் ஆஸ்திரேலிய மண்ணில் 12 அணுகுண்டுகளை வெடித்தது. மூன்று மாண்டி பெல்லோ தீவுகளில், இரண்டு எமு பாலைவனத் திடலில், மீதி ஏழு மராலிங்காவில். ஏழில் கடைசியானது 1957 அக்டோபர் 9 அன்று டரனாக்கியில் பலூனில் தொங்கவிடப்பட்டு, தரையிலிருந்து 300 மீட்டர் உயரத்தில் வெடித்தது. திறன் ஏறத்தாழ 27 கிலோடன், அதாவது 27,000 டன் டி.என்.டி. வெடிமருந்துக்கு இணை.

கேட்பவர்கள் நம்பத் தயங்கும் செய்தி ஒன்று உண்டு: டரனாக்கியின் நீண்டகாலச் சிக்கலுக்கு அந்தக் குண்டு காரணம் அல்ல. உயரத்தில் வெடித்ததால் மண்ணில் படிந்தது குறைவு. படிந்ததிலும் சீசியம் 137, ஸ்ட்ரான்சியம் 90 போன்ற கதிரியக்கப் பொருள்களின் அரை ஆயுள் (கதிரியக்கம் பாதியாகக் குறையும் காலம்) சுமார் 30 ஆண்டுகள்தான். சிக்கலை உண்டாக்கியவை, ஆவணங்களில் ‘சிறு சோதனைகள்’ என்று எழுதப்பட்டவை. அவற்றில் ‘விக்சன் பி’ என்ற வரிசை 1960, 1961, 1963 ஆகிய ஆண்டுகளில் டரனாக்கியில் நடந்தது. கிடங்கிலோ விமானத்திலோ விபத்து நேர்ந்து, குண்டுக்குள் இருக்கும் சாதாரண வெடிமருந்து மட்டும் வெடித்தால் என்ன ஆகும் என்று பார்ப்பதே நோக்கம். கான்கிரீட் மேடையில் எஃகுச் சட்டங்களாலான தாங்கியை நிறுத்தி, அதன்மேல் புளூட்டோனியம் உள்ள கருவியை வைத்து வெடித்தார்கள். இப்படி 12 முறை.

மொத்தம் பயன்பட்ட புளூட்டோனியம் சுமார் 22 கிலோ. ஒவ்வொரு வெடிப்பிலும் உருகிய உலோகம் பல நூறு மீட்டர் உயரத்துக்குப் பீய்ச்சி எழுந்தது. நுண்தூளாகிய பகுதி காற்றின் திசையில் கிலோமீட்டர் கணக்கில் நீண்ட பட்டைகளாகப் படிந்தது. தாங்கியின் எஃகு, ஈயம், செங்கல், கேபிள் எல்லாவற்றின் மேலும் ஒரு பூச்சு ஒட்டிக்கொண்டது. புளூட்டோனியம் 239இன் அரை ஆயுள் 24,100 ஆண்டுகள்.

நிலத்துக்கு உரியவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வளாகத்துக்குத் தெற்கே ரயில் பாதையோரம் இருந்த ஊல்டியா மிஷன் 1952இல் மூடப்பட்டு, அங்கிருந்த பழங்குடி மக்கள் இன்னும் தெற்கே யலாட்டாவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஆனால் ஊல்டியாவின் நீரூற்றை நோக்கி வடக்கிலிருந்து நடந்து வரும் வழிகள் வழக்கொழியவில்லை. பல லட்சம் சதுர கிலோமீட்டரைக் கண்காணிக்க முதலில் ஒரே ஒரு ரோந்து அதிகாரி, பிறகு இரண்டு பேர். 1957 மே மாதம், முந்தைய ஆண்டு தரையில் வெடித்த மார்க்கூ குண்டின் பள்ளத்தருகே ஒரு குடும்பம் தங்கியிருப்பதைப் படையினர் கண்டார்கள். கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள், கூடவே நாய்கள். மிஷன் மூடப்பட்ட செய்தி அவர்களை எட்டவே இல்லை. அவர்களை அளவியால் சோதித்து, குளிக்கவைத்து, நாய்களைச் சுட்டுவிட்டு, யலாட்டாவுக்கு வண்டியில் அனுப்பினார்கள். பார்த்தவர்கள் வாய் திறக்கக் கூடாது என்று உத்தரவும் போடப்பட்டது. ஆங்கிலத்தில் எழுதிய எச்சரிக்கைப் பலகைகளும் வரைபடத்தில் போட்ட எல்லைக் கோடும் இந்த நிலத்தில் செல்லாது என்பது அன்றே கண்முன் இருந்தது. அடுத்த பத்தாண்டுகளில் போடப்பட்ட துப்புரவுத் திட்டத்தில் அதற்கு இடமே இல்லை.

முதல் துப்புரவு, 1967

வளாகத்தைக் கைவிட முடிவானதும் பிரிட்டிஷ் படைப் பொறியாளர்கள் ‘பிரம்பி’ என்ற பெயரில் சில மாதங்களில் வேலையை முடித்தார்கள். டரனாக்கியில் இரண்டு காரியங்கள் நடந்தன.

ஒன்று, குழிகள். மேடைகளைச் சுற்றி வெட்டியிருந்த 21 குழிகளில் எஃகுச் சட்டம், ஈயம், கேபிள், உடைந்த கான்கிரீட் ஆகியவற்றைப் போட்டு, மேலே கான்கிரீட் மூடி வார்த்தார்கள். மற்றொன்று, உழவு. மேற்பரப்பில் புளூட்டோனியம் அதிகமாகப் படிந்திருந்த பகுதிகளைக் கிரேடரும் கலப்பையும் கொண்டு கிளறி, மேல்மண்ணை அடிமண்ணோடு கலந்தார்கள். புளூட்டோனியம் விடும் ஆல்ஃபா கதிர் சில சென்டிமீட்டர் காற்றைக்கூடத் தாண்டாது. மேலே அளவியை வைத்து முள் அசையவில்லை என்றால் வேலை முடிந்தது என்பது அன்றைய கணக்கு.

கணக்கு ஒரு வகையில் சரிதான். ஆல்ஃபா அளவியின் முள் நிஜமாகவே இறங்கியது. புளூட்டோனியம் மட்டும் அந்த மண்ணிலேயே இருந்தது. டரனாக்கியின் மண் ஆழமற்றது. பல இடங்களில் ஒரு சாண் தோண்டுவதற்குள் சுண்ணாம்புப் பாறை தட்டுப்படும். பாறை மேடான இடத்தில் கலப்பை வழுக்கிப் போனது, பள்ளமான இடத்தில் மண்ணைத் திணித்தது. கலவை சீராக அமையவே இல்லை. கல் கலந்த அரிசியை மாவாக அரைத்துவிட்டால் பிறகு கல்லைப் பொறுக்க வழியில்லை. உழவு செய்தது அதைத்தான். ஒரு சென்டிமீட்டர் தடிமனில் சுரண்டி எடுத்திருக்கக்கூடிய படிவு, பதினைந்து இருபது சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பரவிப்போனது.

1968இல் பிரிட்டனின் ஆயுத ஆய்வு நிலையம் அளித்த முடிவறிக்கை, டரனாக்கியில் சுமார் 20 கிலோ புளூட்டோனியம் மூடிய குழிகளுக்குள் பத்திரமாக இருப்பதாகச் சொன்னது. இது அளந்து பெற்ற எண் அல்ல. பயன்படுத்திய மொத்தத்திலிருந்து, வெளியே பரவியதாக மதிப்பிட்டதைக் கழித்து வந்த எண். வெளியே பரவியதைக் குறைத்து மதிப்பிட்டால் குழிக்குள் இருப்பது தானாகவே கூடிவிடும். அதே 1968 செப்டம்பரில் இரு அரசுகளும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, சில விதிவிலக்குகளோடு பிரிட்டனை மேற்கொண்டு பொறுப்பிலிருந்து விடுவித்தன. தனியான சரிபார்ப்பு அளவெடுப்பு எதுவும் அதற்கு முன் நடக்கவில்லை.

இடையில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. விமானத் தளத்தை ஒட்டிய புதைகுழியில் எடுக்கக்கூடிய வடிவில் இருந்த அரைக் கிலோ அளவிலான புளூட்டோனியத்தை 1979இல் பிரிட்டன் தோண்டித் திரும்ப எடுத்துச் சென்றது. எந்தக் குழியில் என்ன, எந்த உறையில் என்ற விவரம் இருந்தால் மீட்பது எவ்வளவு எளிது என்பதற்கு வளாகத்திலேயே கிடைத்த சான்று அது.

1984இல் கண்டது

நிலத்தை உரியவர்களிடம் ஒப்படைக்கும் சட்டம் 1984இல் வந்தபோது, ஆஸ்திரேலியக் கதிர்வீச்சு ஆய்வகக் குழு ஒன்று களத்துக்குப் போனது. அறிக்கையில் உள்ளதைச் சரிபார்த்துவிட்டு வரும் வழக்கமான வேலையாகத்தான் கிளம்பினார்கள். திடலில் கையடக்கக் கருவியோடு நடந்தபோது தரையில் சாதாரணமாகக் கிடந்த உலோகத் துண்டு, கம்பி, பிளாஸ்டிக், ஈயத் துணுக்கு எல்லாமே புளூட்டோனியம் பூசியவையாக இருந்தன. டரனாக்கியில் மட்டும் இத்தகைய துண்டுகள் 25,000 முதல் 50,000 வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். கையில் எடுத்துப் பார்க்கத் தோன்றும் அளவிலானவை அவை. குழந்தைகள் எடுத்து விளையாடவும் கூடியவை.

குழிகளுக்குள் இருப்பதாகச் சொல்லப்பட்ட 20 கிலோவும் நிற்கவில்லை. பின்னர் நடந்த மதிப்பீடுகள் 2 முதல் 4 கிலோவுக்குள் வந்தன. மீதி மண்ணிலும் பட்டைகளிலும் காற்று கொண்டுபோன தூரத்திலும் இருந்தது.

அளவெடுப்பு எப்படி நடந்தது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயன் தரும். முழுத் திட்டமும் அந்த ஒரு நுட்பத்தின்மேல் நிற்கிறது.

மண்ணுக்குள் கலந்த புளூட்டோனியத்தை அதன் ஆல்ஃபா கதிரால் களத்தில் அளக்க முடியாது. மெல்லிய தூசிப் படலமே மறைத்துவிடும். ஆயுதப் புளூட்டோனியத்தில் சிறிதளவு புளூட்டோனியம் 241 இருக்கும். அது சுமார் 14 ஆண்டு அரை ஆயுளில் அமெரிசியம் 241 ஆகச் சிதையும். அமெரிசியம் 60 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றலில் காமா கதிரை விடும். இது ஓரளவு மண்ணைத் துளைத்து வெளியே வரும். ஆகவே அமெரிசியத்தை அளந்து, இடத்துக்குரிய விகிதத்தால் பெருக்கிப் புளூட்டோனியத்தைக் கணிக்கிறார்கள். டரனாக்கியில் அந்த விகிதம் ஏறத்தாழ ஏழு மடங்கு. ஒவ்வொரு சோதனை வரிசையிலும் வேறு தொகுதிப் புளூட்டோனியம் பயன்பட்டதால் பக்கத்துத் திடலின் விகிதத்தை இங்கே போட முடியாது. ஆய்வகத்தில் மண் மாதிரியைக் கரைத்துப் பார்த்து ஒவ்வோர் இடத்துக்கும் தனியாக நிர்ணயித்தார்கள்.

இந்த அளவு முறையில் இரண்டு சறுக்கல்கள் உண்டு, தெரியாதவர் வழுக்குவார். அந்தக் காமா மென்மையானது. சில சென்டிமீட்டர் மண் அதைக் கணிசமாக விழுங்கும். 1967 உழவு கீழே தள்ளியதை மேலிருந்து அளந்தால் குறைவாகத்தான் காட்டும். ஆழவாரியாக மண் எடுத்துத் திருத்தக் காரணி போடாத அளவு நம்பத்தகாதது. இரண்டாவது, அமெரிசியம் காலத்தோடு வளர்வது. புளூட்டோனியம் பிரித்தெடுத்து ஏழாண்டு ஆனபோது கிடைத்திருக்கக்கூடிய அமெரிசியக் குறி, 35 ஆண்டு ஆனபோது கிடைத்ததில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். 1967இல் இந்த முறையையே கையாண்டிருந்தாலும் குறி மங்கலாகவே இருந்திருக்கும்.

1987இல் ஹெலிகாப்டரில் காமா உணர்கருவிகளைக் கட்டிப் பறந்து பட்டைகளின் வரைபடம் தயாரானது. நடந்து அளந்தால் பல ஆண்டு ஆகியிருக்கும் பரப்பு.

எந்த அளவு தூய்மை போதும்?

இந்த அணு சோதனைகளை விசாரித்த ஆஸ்திரேலிய அரச ஆணையம் 1985 இறுதியில் அளித்த அறிக்கை, பிரம்பி நடவடிக்கை அவசரத்தில் திட்டமிடப்பட்டது, செய்த சில வேலைகள் இறுதித் துப்புரவைக் கடினமாக்கின என்று வெளிப்படையாகச் சொன்னது. அதைத் தொடர்ந்து 1986இல் தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழு ஒன்று அமைந்து, 1990இல் தெரிவுகளை முன்வைத்தது. வேலி போட்டுவிட்டு நகர்வது முதல் பட்டைகள் முழுவதையும் சுரண்டுவது வரை. மலிவானதற்கு 13 மில்லியன் டாலர், முழுமையானதற்கு 650 மில்லியனுக்கு மேல்.

இந்தக் குழு செய்த சிறந்த வேலை, கருவிகளோடு நில்லாமல் மானுடவியலாளர்களையும் களத்துக்கு அனுப்பியது என்பது எங்கள் கணிப்பு. நகரவாசியின் பழக்கத்தை வைத்துக் கதிர்வீச்சு ஏற்பைக் கணக்கிட்டால் விடை பல மடங்கு குறைவாக வரும். இங்கே வாழ்பவர்கள் தரையில் உட்கார்கிறார்கள், நெருப்பைச் சுற்றித் தரையில் படுக்கிறார்கள், வேட்டையாடியதைச் சாம்பலிலும் மண்ணிலும் புதைத்துச் சுடுகிறார்கள், வளைகளைத் தோண்டுகிறார்கள். குழந்தைகள் நாள் முழுக்கப் புழுதியில். தூசி மூச்சில் போவது முதன்மை வழி, மண் வாயில் போவது அடுத்தது, துண்டு காலில் குத்திக் காயத்தில் தங்குவது மூன்றாவது. மூன்றையும் தனித்தனியே கணக்கிட்டார்கள்.

ஏற்கத்தக்க உச்சம் ஆண்டுக்கு 5 மில்லிசீவர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அலகு) என்று முடிவானது. அதைக் களத்தில் அளக்கக்கூடிய எண்களாக மாற்றியபோது டரனாக்கிக்கு வந்தவை இவை (ஒரு கிலோபெக்கரல் என்பது நொடிக்கு ஆயிரம் அணுச் சிதைவு): சதுர மீட்டருக்கு 40 கிலோபெக்கரல் அமெரிசியத்துக்கு மேல் உள்ள இடங்களில் மண் அகற்ற வேண்டும், அகற்றிய இடத்தில் மிஞ்சுவது 3 கிலோபெக்கரலைத் தாண்டக் கூடாது, 100 கிலோபெக்கரலுக்கு மேற்பட்ட துண்டு ஒன்றுகூட இருக்கக் கூடாது, 20 கிலோபெக்கரலுக்கு மேற்பட்ட துகள் பத்துச் சதுர மீட்டருக்கு ஒன்றைத் தாண்டக் கூடாது. ஒப்பிட்டுப் பார்க்க: 100 கிலோபெக்கரல் அமெரிசியம் உள்ள துண்டில் இருக்கும் புளூட்டோனியம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மில்லிகிராம்.

40க்கும் 3க்கும் இடையிலான இடைவெளி கவனிக்க வேண்டியது. 40க்குக் கீழே உள்ள பெரும் பரப்பை அப்படியே விட்டுவிடுவது என்பது இதற்குள் அடங்கிய முடிவு. அங்கே வேட்டைக்குப் போகலாம், கடந்து போகலாம், குடியிருக்கக் கூடாது. மண்ணைச் சுரண்டினால் பாலைவனச் செடிகொடி மீள்வதற்குத் தலைமுறைகள் ஆகும், அந்தச் சேதம் எஞ்சிய கதிர்வீச்சைவிட மோசமானது என்பது சொல்லப்பட்ட காரணம். நிலத்துக்கு உரியவர்கள் இதற்கு ஒத்துக்கொண்டார்கள், கூடவே இழப்பீடும் கேட்டார்கள். 1994இல் 13.5 மில்லியன் டாலர் தரப்பட்டது. துப்புரவுச் செலவுக்காகப் பிரிட்டன் 1993இல் 20 மில்லியன் பவுண்டு தர ஒப்புக்கொண்டது, சட்டப் பொறுப்பு இல்லை என்ற நிலைப்பாட்டோடு.

மண் அகற்றல்

வேலை 1996இல் தொடங்கியது. டரனாக்கியில் சுமார் 1.5 சதுர கிலோமீட்டர் பரப்பிலிருந்து 2.6 லட்சம் கன மீட்டர் மண் எடுக்கப்பட்டது. கணக்குப் போட்டால் சராசரி ஆழம் 17 சென்டிமீட்டர் அளவில் வரும். உழவு எவ்வளவு கீழே தள்ளியது என்பதை இந்த எண்ணே காட்டுகிறது.

ஒழுங்கு இப்படி இருந்தது. எல்லையை அளந்து முளையடித்துப் பரப்பைப் பாத்திகளாகப் பிரிப்பார்கள். தண்ணீர் தெளித்து மண்ணை நனைப்பார்கள். உலர்ந்த மண்ணைச் சுரண்டினால் எழும் தூசிதான் இங்கே முதல் எதிரி. பெரிய ஸ்கிரேப்பர் வண்டிகள் மேல்மண்ணை வழித்து நேரே புதைகுழிக்குக் கொண்டுபோகும். பாறை மேடுபள்ளமான இடங்களில் ஸ்கிரேப்பரின் அலகு பள்ளத்துக்குள் இறங்காது. அங்கே சிறு எந்திரமும் கையாட்களும் தேவைப்பட்டார்கள். பிறகு உயர்தூய ஜெர்மேனியம் என்ற தனிமத்தாலான காமா உணர்கருவி பொருத்திய வண்டி பாத்தியை அளக்கும். தேறவில்லை என்றால் மறுபடி வழிப்பு. தேறினால், கையடக்கக் கருவியோடு நடந்து துண்டுகளைப் பொறுக்கும் கட்டம். சராசரி நன்றாக இருக்கும் பாத்தியிலும் ஒரே ஒரு ‘சூடான’ (கதிர்வீச்சு மிகுந்த) துண்டு ஒளிந்திருக்கலாம் என்பதால் இந்த இரண்டு அளவெடுப்பும் ஒன்றுக்கொன்று மாற்றாகாது. மண் அள்ளிய ஒப்பந்தக்காரர் தரும் அளவை நம்பி எந்தப் பாத்தியும் தேறியதாக எழுதப்படவில்லை. அரசின் கதிர்வீச்சு அமைப்பு தனியாக அளந்து சான்று தந்த பிறகே ஆட்கள் நகர்ந்தார்கள். 1967க்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான்.

வண்டிகளின் ஓட்டுநர் அறைகள் அடைக்கப்பட்டு, வடிகட்டிய காற்றை உள்ளே செலுத்தி, வெளியழுத்தத்தைவிடச் சற்று உயர்ந்த அழுத்தத்தில் வைக்கப்பட்டன. கசிவு இருந்தாலும் காற்று வெளியேதான் போகும், தூசி உள்ளே வராது. ஓட்டுநர் முகமூடி இன்றி நாள் முழுக்க வேலை செய்ய முடிந்தது. 40 டிகிரி வெயிலில் முழு உடையும் முகமூடியுமாக ஆளை உட்காரவைத்தால் கதிர்வீச்சுக்கு முன்னால் வெப்பமே ஆளைச் சாய்த்துவிடும்.

புதைகுழி சுமார் 200 மீட்டர் நீளம், 140 மீட்டர் அகலம், 15 மீட்டர் ஆழம். மண்ணை இட்டு, மேலே குறைந்தது 5 மீட்டர் தூய பாறையும் மண்ணும் மூடப்பட்டது.

குழிகள்: கண்ணாடியாக்கும் திட்டமும் அதன் முடிவும்

மண்ணில் திட்டம் நேராகப் போனது. குழிகளில்தான் தடுமாறியது.

1967இன் 21 குழிகளைத் தோண்டாமல், இருந்த இடத்திலேயே உருக்கிக் கண்ணாடிப் பாறையாக்குவது என்பது முதல் முடிவு. நான்கு கிராஃபைட் மின்வாய்களைத் தரையில் இறக்கி, மின்சாரம் பாய்ச்சினால் மண் உருகும். உருகிய மண் தானே மின்கடத்தியாகி உருகலைக் கீழ்நோக்கி வளர்க்கும். மேலே எஃகுக் கவிகை போட்டு, வாயுக்களை உறிஞ்சி வடிகட்டுவார்கள். ஆறினால் எரிமலைக் கண்ணாடி போன்ற கட்டி. புளூட்டோனியம் அதற்குள் சிறைப்பட்டுவிடும். தண்ணீரோ காற்றோ எடுக்க முடியாது, தோண்டுபவர் கையில் பொடியாகவும் வராது. காகிதத்தில் இதைவிடச் சிறந்த வழி இல்லை.

ஆனால் இந்த முறைக்குக் குழிக்குள் என்ன இருக்கிறது என்பது தெரிந்தாக வேண்டும். எஃகு அதிகமிருந்தால் உருகி அடியில் தேங்கி மின்வாய்களைக் குறுக்கே இணைத்துவிடும். மூடிய உருளையோ கொள்கலமோ இருந்தால் வாயு திடீரென விரிந்து உருகலைத் தூக்கி எறியும். சுண்ணாம்பு மிகுந்த மண் சூடாகும்போது தானும் கரியமில வாயுவை விடும். 1967 பதிவுகளோ எந்தக் குழியில் எவ்வளவு எஃகு என்பதைக்கூட நம்பத்தக்க விதத்தில் தரவில்லை. மூடியைச் சுற்றித் தோண்டிப் பார்த்தபோது குப்பை கான்கிரீட் மூடியின் விளிம்பைத் தாண்டியும் நீண்டிருந்தது. குழிகள் நினைத்ததைவிடப் பெரியவை, ஆகவே செலவும் பெரியது.

1998இல் உருக்கல் தொடங்கிய காலத்திலேயே ஒரு மாற்றம் செய்தார்கள்: மேடைகளுக்கு நெருக்கமான உட்குழிகளைத் தோண்டிப் புதைப்பது, வெளிக்குழிகளை மட்டும் உருக்குவது. செலவைக் குறைக்க எடுத்த முடிவு என்று திட்டத்துக்குள் இருந்தவர்களே சிலர் எதிர்த்தார்கள். நிர்வாகமோ தொழில்நுட்பக் காரணங்களைச் சொன்னது. இரண்டிலும் உண்மை இருக்கிறது என்றே படுகிறது.

1999 மார்ச்சில் ஒரு குழியை உருக்கிக்கொண்டிருந்தபோது உள்ளே வெடித்தது. கவிகை கடுமையாகச் சேதமடைந்தது, உருகிய பொருள் பல மீட்டர் தூரம் தெறித்தது. அந்த நேரத்தில் அருகில் ஆள் இல்லாததால் யாருக்கும் காயமில்லை. பதிவில் இல்லாத வெடிபொருள் என்று ஒரு தரப்பு, அடைபட்ட கொள்கலம் என்று இன்னொரு தரப்பு. எதுவானாலும் தோண்டிப் பார்க்காத குழியை உருக்குவதில் உள்ள அபாயம் அப்படியே நிற்கிறது. உருக்கும் முறை அதோடு கைவிடப்பட்டு, எஞ்சிய குழிகளின் குப்பை தோண்டியெடுத்து மறுபுதைப்புச் செய்யப்பட்டது.

தொடர்ந்து நடந்தவை

2000 தொடக்கத்தில் துப்புரவு முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. உடனே எழுந்த எதிர்ப்பு, புளூட்டோனியக் குப்பையை உறையோ கான்கிரீட் அடைப்போ இல்லாமல் சுண்ணாம்புப் பாறையில் வெட்டிய வெறும் குழியில் இட்டது எப்படிச் சரி என்பது. பிரிட்டனில் இதே கழிவை இப்படிப் புதைக்க அனுமதி கிடைத்திருக்காது என்றார்கள் எதிர்த்தவர்கள். மழை குறைவு, புளூட்டோனியம் ஆக்சைடு நீரில் கரைவது அரிது, 5 மீட்டர் மூடியைத் தாண்டி வளை தோண்டும் விலங்கோ தற்செயலாகத் தோண்டும் மனிதரோ எட்ட முடியாது என்பது திட்டத் தரப்பின் பதில். ஓரிரு நூற்றாண்டுக்கு அந்தப் பதில் தாங்கும். 24,100 ஆண்டு அரை ஆயுளுக்கு எதிரே வைத்தால் அது ஒரு நிர்வாக ஏற்பாடு, தீர்வு என்று சொல்ல முடியாது. வேலை செய்தவர்களைப் பொறுத்தவரை, குறிப்பிடத்தக்க உட்கொள்ளல் எதுவும் பதிவாகவில்லை.

வளாகத்தின் மையப் பகுதி 2009 டிசம்பரில் நிலத்துக்கு உரியவர்களான மராலிங்கா ஜருச்சா மக்களிடம் திரும்பியது. சுற்றியிருந்த பகுதியை ராணுவத் தடை வளையத்திலிருந்து 2014இல் நீக்கினார்கள். டரனாக்கிப் பட்டைகளைச் சுற்றி எல்லைக் கம்பங்கள் நிற்கின்றன. அவற்றில் மக்களின் மொழியிலேயே எழுதியிருக்கிறது: ‘கூக்கா பல்யா, ஙுரா வியா’, அதாவது வேட்டையாடலாம், முகாமிடக் கூடாது. 2021இல் மொனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அந்த மண்ணில் எஞ்சிய சூடான துகள்களை அறுத்து நுண்ணோக்கியில் பார்த்து, அவற்றுக்குள் புளூட்டோனியமும் யுரேனியமும் எதிர்பாராத வேதி வடிவங்களில் இருப்பதையும், சிதைவின்போது மெல்ல மெல்ல வெளியேற வழி இருப்பதையும் வெளியிட்டார்கள். ‘கரையாது, அசையாது’ என்ற பழைய அனுமானத்தை அப்படியே வைத்துக்கொள்ள இனி இடமில்லை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

முதலாவது, உழுதிருக்கக் கூடாது. மேற்பரப்பில் மெல்லிய படலமாக இருக்கும்வரை அது எடுக்கக்கூடிய பொருள். உடனே எடுக்க வசதியில்லை என்றால் பிட்டுமன் (தார்) போன்ற ஒட்டுப் பூச்சைத் தெளித்துத் தூசி கிளம்பாமல் கட்டிவைத்திருக்கலாம். கலப்பதற்கு முன் எடுக்கவேண்டிய மண், கலந்த பின் எடுத்ததில் சிறு பங்காகவே இருந்திருக்கும். செலவு பெருகியதில் உழவுக்குப் பெரும் பங்கு உண்டு.

குழியில் இடும் ஒவ்வொரு சுமைக்கும் எடை, பொருள் விவரம், அளவியின் எண், படம் வேண்டும். மூடிய கொள்கலங்களைத் துளையிட்டுத்தான் உள்ளே இட வேண்டும். முப்பது ஆண்டு கழித்து எதைக் கொண்டு திறப்பார்கள் என்பதைப் புதைப்பவர் அறிய மாட்டார். திறப்பவருக்குப் படிக்கப் பட்டியலாவது இருக்கட்டும். அதே காரணத்தால், உருக்கும் முறையைத் தேர்வதற்கு முன் ஒரு குழியை முழுவதுமாகத் தோண்டி, பதிவோடு ஒப்பிட்டிருக்க வேண்டும். ஒரு குழிக்கான செலவு பெரிதாகத் தெரிந்திருக்கும், ஆனால் எந்தக் குழி உருக்கத்தக்கது என்ற முடிவு 1999க்கு முன்பே கிடைத்திருக்கும்.

கழித்துப் பெற்ற எண்ணை இருப்பாக எழுதுவது கூடாது. குழிக்குள் 20 கிலோ என்று எழுதுபவர் ஒரு குழியிலாவது அளந்திருக்க வேண்டும். அப்படி அளந்த எண் இல்லாமல் பொறுப்பு விடுவிப்பில் கையெழுத்துப் போட்டது ஆஸ்திரேலியத் தரப்பின் தவறு. அதைப் பிரிட்டன் தலையில் மட்டும் கட்ட முடியாது. வாழும் முறை பற்றிய ஆய்வு துப்புரவுக்கு இருபது ஆண்டு கழித்து வந்ததும் அப்படித்தான். மார்க்கூ பள்ளத்தருகே ஒரு குடும்பம் படுத்துறங்கியதைக் கண்ட 1957லேயே அந்தக் கேள்வி எழுந்திருக்க வேண்டும்.

இனி அங்கே அளவெடுக்கப் போகிறவர்களுக்கு ஒன்று. புளூட்டோனியம் 241 இன்னும் சிதைந்துகொண்டிருக்கிறது. டரனாக்கியில் அமெரிசியத்தின் அளவு 2030களை ஒட்டி உச்சத்தை எட்டி, பிறகு 432 ஆண்டு அரை ஆயுளில் மெல்ல இறங்கும். 1990களில் நிர்ணயித்த ஏழு மடங்கு விகிதத்தை அப்படியே பெருக்கினால், அமெரிசியம் கூடும்போது இல்லாத புளூட்டோனியம் கணக்கில் ஏறும், அது 1990களின் அளவுக்கும் கீழே இறங்கிய பின் இருக்கும் புளூட்டோனியம் விடுபடும். ஒவ்வொரு சுற்று அளவெடுப்புக்கும் முன் புதிய மண் மாதிரியில் விகிதத்தை மறுபடி எடுத்து, எந்தத் தேதிக்குரியது என்று வரைபடத்திலேயே குறிக்க வேண்டும். புதைகுழி மூடிகளில் அரிப்பு ஓடை விழுந்திருக்கிறதா, எல்லைக் கம்பங்கள் நிற்கின்றனவா என்று பார்க்கும் ஆய்வுப் பயணத்தோடு இதையும் சேர்த்துவிடலாம்.